மழைமேகம், இரண்டு டின்

ஜூன் 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. நின்றுபோன லிஃப்டை அடைய மாடிப்படி ஏறித்தான் போகவேண்டும் என்பதால் அது சீக்கிரம் குறையும் என்று தோன்றவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தனியாக இருக்கிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அம்மா தன் போனிலிருந்து உங்கள் எண்ணை எடுத்துவிட்டாள். பரீட்சை முடியும்வரை எனக்குப் போன் கிடையாது. உங்கள் முகவரி என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

பிப்ரவரியில் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முடிந்து சொந்தக்காரர்களை டீக்குக் கூப்பிட்டோமே, அன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தீர்கள். மேசைக்கு நாலு விரல் தள்ளி, காற்றில் வைத்தீர்கள். அது கம்பளத்தில் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உடனே நீங்கள், "மேசை எது, தரை எதுன்னு தெரிஞ்சாத்தானே வைக்கிறதுக்கு? எல்லாம் ஒரே சாம்பல். பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. எப்ப பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "கலர் பாக்கறது உன் தொழில்னா, என் வீட்டுக்கு ஏன் மார்க் போடறே?" என்றாள். நீங்கள், "மார்க் போட்டாத்தான் பாஸாகாதே" என்றீர்கள்.

அதோடு நாலு மாதம் ஆகிறது. பள்ளி விடுமுறையில் நான் உங்களிடம் வந்து இருபது நாள் இருப்பது இந்த வருஷம் இல்லை என்று ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் பேசவேண்டும் என்பதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். வேறு காரணம் இருப்பதாக நடிக்கப் போவதில்லை.

அம்மாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுன்டரில் நாள் முழுக்க மஞ்சள் சுவரையும் பச்சைத் திரையையும் அழுகிற குழந்தைகளையும் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் கண் சும்மா இருக்கவேண்டும் என்கிறாள். எனக்கும் சாம்பல் பிடிக்கவில்லைதான். ஆனால் காரணம் நியாயமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஹாலின் நீளச் சுவருக்கு உங்கள் பெயிண்ட் கம்பெனியின் 'மழைமேகம்' இரண்டு டின் கடையில் வாங்கிப் பூசினோம் அல்லவா? மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் உள்ளே வரும்போது, ஜன்னலிலிருந்து சுவிட்ச் பலகை வரை ஒரு நிறமாகவும் அதற்கப்பால் ஒரு நிறமாகவும் தெரிகிறது. இரண்டாம் பாதி, நீலம் சற்று அதிகமாகப் போட்டுத் துவைத்த பள்ளிச் சட்டை மாதிரி இருக்கிறது. இது ஏன்?

உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கும்,
தங்கை மகள்


ஜூன் 24

அன்புள்ள அகராதிக்கு,

உன் அப்பா உனக்கு வைத்த பேர் சரியானதுதான். ஒரு டம்ளர் விழுந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுத உன்னால்தான் முடியும். நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அதே சோபா.

இங்கே வேலை அதிகம். நான் சேர்ந்த காலத்தில் சாம்பல் என்று மூன்று நிறம்தான் இருந்தது. இப்போது முப்பத்தொன்று. மழைமேகம், ஈரக்கல், புறா, பென்சில், விடிகாலை என்று குழந்தைக்குப் பேர் வைப்பதுபோல் வைக்கிறார்கள். புறாவுக்கும் ஈரக்கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று புறாவையே கேட்டாலும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பேட்ச் பெயிண்ட் வெளியே போகும் முன்னும் அட்டையில் பூசி, விளக்குப் பெட்டிக்குள் மூல அட்டையோடு சேர்த்து வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவேண்டும். மெஷின் சரி என்று சொன்ன பிறகும் கண் சரி என்று சொல்லவேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கண் என்னுடையது.

எனக்குச் சாம்பல் பிடிக்காது. அதை உன் அம்மா வீட்டில் சொன்னது தப்பென்றால் தப்புத்தான். அவளாகப் பேசினால் பேசுகிறேன்.

அடுத்த கடிதத்தைக் கறுப்பு மையில் எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. எறும்பு ஊர்வதுபோல் எழுதினால் யார் படிப்பார்கள்?

நேரத்துக்குத் தூங்கு. அப்பாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பெரியம்மா


ஜூலை 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் பல் இருந்த இடம் ஆறிவிட்டதா? வீக்கம் இருந்தால் சொல்லுங்கள், அம்மாவின் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதுகிறேன். யாருக்கு என்று சொல்லாமல் கேட்பேன்.

கறுப்பு மை, பெரிய எழுத்து. போதுமா?

வீடு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. அம்மா வாங்கும் மாத இதழ் ஒன்றில் எல்லாம் படத்தோடு வருகிறது. ஹாலில் 'இங்கே அன்பு குடியிருக்கிறது' என்று எழுத்து எழுத்தாகச் சுவரில் ஒட்டினாள். அப்பா வேலையிலிருந்து வந்து அதைப் படித்துவிட்டு, "அப்ப நாம எங்க இருக்கறது?" என்று கேட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. குளியலறைக்கு ஓடும் கதவு போட்டிருக்கிறோம். அது தண்டவாளத்தில் அழகாக ஓடுகிறது, ஆனால் முழுதாக மூடுவதில்லை. இரண்டு விரல் இடைவெளி நிற்கிறது. உள்ளே ஆள் இருப்பது தெரியவேண்டும் என்று அப்பா குளித்து முடிக்கும்வரை பாடுகிறார். சமையலறையில் கதவில்லாத தட்டுகள். எண்ணெய்ப் பிசுக்கு டப்பாக்களைத் துடைப்பது என் சனிக்கிழமை வேலை.

என் புத்தகங்களுக்கும் நேரம் வந்தது. முதுகு ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருக்கிறதாம். அதனால் எல்லாவற்றையும் திருப்பி, பக்கங்கள் வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கிறாள். தலைப்பே தெரியாது. நான் காகிதத்தின் பழுப்பை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். உலக வரலாறுதான் அதிகப் பழுப்பு. ஆனால் நேற்று இலக்கணம் என்று நினைத்து உயிரியலைப் பள்ளிக்கு எடுத்துப் போய் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று.

சுவரைப் பற்றிய என் கேள்விக்கு மட்டும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள். நான் ஒரு நோட்டில் நேரப்படி குறித்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் பன்னிரண்டுக்கு லேசாகத் தெரிகிறது. மூன்றரைக்குக் கோடு போட்டதுபோல் தெரிகிறது. விளக்கு வெளிச்சத்தில் மறைந்துவிடுகிறது. இப்போது அம்மாவும் பார்த்துவிட்டாள். பெயிண்ட் அடித்தவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் சுவரைத் தடவிப் பார்த்து, "கை ஒண்ணுதாம்மா, சரக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இது எப்படி நடக்கும் பெரியம்மா? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உங்கள்,
அகராதி


ஜூலை 30

அன்புள்ள அகராதிக்கு,

பல் ஆறிவிட்டது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

சுவர் என்பது வெளிச்சத்தின் வேலை. பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியிலிருந்து வெயில் திரும்பி வரும். கம்பளத்தின் நிழல் ஏறும். சாயங்கால வெயிலை நம்பி எந்த நிறத்தையும் பேசக்கூடாது. ஜன்னலுக்கு ஒரு கனமான திரை போடச் சொல். மூன்றிலிருந்து ஐந்து வரை அந்தப் பக்கம் பார்க்காதே, படி.

புத்தகங்களைத் திருப்பி வைத்தது அநியாயம். அட்டைக்குள் ஒரு சீட்டு வைத்து, நுனி மேலே தெரியும்படி விடு. உன் அம்மா கண்ணில் படாது.

பெரியம்மா


ஆகஸ்ட் 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதத்தில் உங்கள் நலத்தை வெறும் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். உங்கள் ஜூலைக் கடிதத்தின் வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கியிருந்தன. ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறியிருந்தது. நீங்கள் அப்படி எழுதுகிறவர் இல்லை.

திரை போடு என்று நீங்கள் எழுதியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்கு வாத்தியார் விடையைக் கையால் மறைத்துவிடு என்று சொல்வதுபோல் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை பரண்மேல் ஏறிக் காலி டின்கள் இரண்டையும் இறக்கினேன். இரண்டிலும் மழைமேகம் என்றுதான் இருக்கிறது. பேட்ச் எண் மட்டும் வேறு. இரண்டின் அடியிலும் 'நிறம் சரி' என்று ஒரு சீட்டு, அதில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றிய கையெழுத்து. என் பிறந்தநாள் புத்தகங்களின் முதல் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

பெரியம்மா, இதைத் தாண்டி நான் எதையும் ஊகிக்கக்கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும். சனிக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டு உங்கள் தொழிற்சாலைக்குப் புகார் எழுதச் சொன்னாள். வீட்டில் எந்தக் கடிதமென்றாலும் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அப்பா, "உங்க அக்கா வேலை பாக்கற இடமாச்சே" என்றார். அம்மா, "அதுக்கு? கடையில பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்காங்க. அவ பேரைச் சொல்லியா கேக்கறேன்? நான் வாடிக்கையாளர், கேக்கறேன்" என்றாள். டின்னின் அடியை அவள் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்தை அவள் பார்க்கவில்லை.

நான் எழுதினேன். பேட்ச் எண்களையும் நான்தான் படித்துச் சொன்னேன். உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. அதைத் தபாலில் போடாமல் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அது போய்ச் சேர்ந்தால் உங்களைக் கேட்பார்களா? வேலைக்கு ஏதாவது ஆகுமா? நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
அகராதி


(நகல்)

தர மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு ஹாலின் நீளச் சுவருக்குத் தங்கள் 'மழைமேகம்' இரண்டு டின் பூசப்பட்டது. பெயர் ஒன்று, விலை ஒன்று, நிறம் இரண்டு. சுவிட்ச் பலகைக்கு இந்தப் பக்கம் தாங்கள் படத்தில் காட்டும் சாம்பல். அந்தப் பக்கம் நீலம் கலந்த வேறொரு சாம்பல். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள், பிறகு எங்களைப் பார்க்கிறார்கள். பேட்ச் எண்கள் கீழே உள்ளன. ஆள் அனுப்பிப் பார்க்கவேண்டும் என்றும், இரண்டையும் சரி என்று அனுப்பியவர் யார் என்று எங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.


செப்டம்பர் 5

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். முதல் முறை, போட்டுவிட்டேன் என்றேன். இரண்டாம் முறை, "தபால் துறையில் தாமதம் ஏற்பட்டிருக்கக்கூடும்" என்றேன். அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே, "நீ பொய் சொல்லும்போது மட்டும்தான் பாடப்புத்தகம் மாதிரி பேசுவே" என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

அகராதி


செப்டம்பர் 19

அன்புள்ள அகராதிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. உடம்பு எப்படி என்று நீ கேட்ட கேள்விக்கு இதுவரை பல்லையும் வேலையையும் காட்டிப் பதில் சொன்னேன். இப்போது சரியாகச் சொல்கிறேன்.

இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம். தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலி கிடையாது. நடுவில் எல்லாம் தெரியும், ஓரம் தெரியாது. ஒரு பக்கம் அதிகமாகப் போயிருக்கிறது. போனது திரும்பாது, மீதியைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுகிறேன். அன்றைக்கு உன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேசைதான் தெரியவில்லை. சாம்பல் கம்பளத்தின்மேல் சாம்பல் மேசை இருந்தால் என்னைப் போன்றவளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். கண் தெரியவில்லை என்பதைவிட வீடு பிடிக்கவில்லை என்பது சுலபமாக வந்தது.

சுவருக்கு வருகிறேன். எனக்கு நீலமும் மஞ்சளும்தான் முதலில் குழம்பின. சிவப்பும் பச்சையும் எல்லோரும் கேட்ட காலமாக இருந்தால் இன்னும் நாலைந்து வருஷம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியிருப்பேன். இப்போது எல்லோருக்கும் சாம்பல் வேண்டும். நீலமும் மஞ்சளும் ஒளிந்து விளையாடுகிற இடம் சாம்பல்தான். எனக்குச் சாம்பல் பிடிக்காது என்று உனக்கு எழுதினேனே, அது சரியில்லை. எனக்குச் சாம்பலைக் கண்டால் பயம். அந்த வாரம் மெஷின் பழுதாகிக் கிடந்தது. கண்ணால் மட்டும் பார்த்து இரண்டு பேட்சையும் அனுப்பினேன். இரண்டும் ஒன்றுதான் என்று இன்றைக்கும் என் கண் சொல்கிறது. அது மாதிரி வேறு எத்தனை போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடிதத்தைத் தபாலில் போடு. வெளியிலிருந்து ஒரு புகார் வந்தால் அவர்களே சோதிப்பார்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். என் வாயால் சொல்லவேண்டியிருக்காது. சொல்லலாம் என்று மூன்று முறை மேலாளர் அறை வாசல்வரை போனேன். மூன்று முறையும் வேறு ஏதோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொல்லாதே. அவளுடைய கோபம் எனக்கு ஒத்துப்போகிறது. இரக்கப்பட ஆரம்பித்தால் என்னால் முடியாது.

பெரியம்மா


செப்டம்பர் 28

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் நலம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். இதை நான் நூலகத்தில் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்றை நான் செய்யவில்லை, இன்னொன்று என்னால் முடியவில்லை. கோபிக்காமல் முழுதும் படியுங்கள்.

தபாலில் போடவில்லை. பெட்டி வரைக்கும் போனேன். இந்தக் காகிதம் உங்களுக்குப் பதிலாகப் பேசிவிடும், அப்புறம் நீங்கள் சொன்னதாக ஆகாது, நீங்கள் மறைத்ததாகத்தான் ஆகும் என்று தோன்றியது. திரும்பி வந்து உறையை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு டின்களையும் கவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். கையெழுத்து யாருடையது என்று மட்டும் சொன்னேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது மணி நாலு. அம்மா நாற்காலியைச் சுவருக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் போகும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு, "அன்னைக்கு டம்ளரை வைக்கும்போது அவ மேசையைப் பாத்தாளா?" என்று கேட்டாள்.

"என்னைப் பாத்து பேசிக்கிட்டே வச்சாங்க" என்றேன்.

"உனக்கு வர்ற கடுதாசி உறையில அட்ரஸ் ஏன் அவ்வளவு கோணலா இருக்கு?"

நான் டின்களை நிமிர்த்தி வைத்தேன். பொய் சொன்னால் பாடப்புத்தகம் மாதிரி வரும் என்று பயமாக இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கவுன்டர்ல தினம் பத்துப் பேரைப் பாக்கறேன். ஃபாரத்தை நீட்டினா பக்கத்துல காத்தைப் பிடிப்பாங்க. கண் பிரிவு மூணாவது மாடின்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லி அனுப்புவேன். என் வீட்டு சோபாவுல உக்காந்திருந்தவளைப் பாத்து எனக்குத் தோணலை. கோபம்தான் தோணிச்சு."

அவள் அழவில்லை. எழுந்து போய்த் துணி மடித்தாள். அப்பா வந்ததும் அவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அப்பா அன்று குளிக்கும்போது பாடவில்லை.

உறையை என்ன செய்வது என்று கேட்டேன். "நான் போட மாட்டேன். கிழிக்கவும் மாட்டேன். அது அவ வேலை, அவ முடிவு. அவளுக்கே அனுப்பு" என்றாள். இத்துடன் அனுப்புகிறேன். தனக்குத் தெரியும் என்பதை உங்களுக்கு எழுதச் சொல்லவும் இல்லை, எழுதாதே என்று சொல்லவும் இல்லை. எழுதாமல் இருந்தால் அதுவும் ஒரு பொய் என்பதால் எழுதிவிட்டேன்.

உங்கள்,
அகராதி


அக்டோபர் 10

அன்புள்ள அகராதிக்கு,

நான் நலம். கண் போன மாதம் இருந்ததுபோலவே இருக்கிறது. அதுதான் இந்த வியாதியில் நல்ல செய்தியாம்.

கோபமில்லை. உறை வந்து நாலு நாள் மேசைமேல் கிடந்தது. ஐந்தாம் நாள் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர், உட்காருங்கள், என்ன விஷயம் என்றார். உறையை நீட்டினேன். படித்துவிட்டு, "யார் பாத்து அனுப்பினதுன்னு விசாரிக்கிறேன்" என்றார். "நான்தான். எனக்குக் கண்ணு சரியில்லை சார்" என்றேன். இதைச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. சொன்ன பிறகு எண்ணிப் பார்த்தால் எல்லாம் சேர்த்து ஐந்தே வார்த்தைதான்.

மறுநாள் சோதித்தார்கள். முப்பத்தொரு சாம்பல் அட்டைகளையும் கலைத்துப் போட்டு, நீலம் அதிகமானதிலிருந்து மஞ்சள் அதிகமானது வரை வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் சுற்றி நின்றார்கள். பதினொன்று இடம் மாறிப்போயிற்று. ஒருவர் என் நாற்காலியை இழுத்துப் போட்டார். கடைசி ஒன்றரை வருஷத்து அட்டைகளை எல்லாம் திரும்பப் பார்க்கிறார்கள். திட்டு விழுந்தது. விழவேண்டியதுதான்.

வேலை போகவில்லை, இடம் மாறிவிட்டது. விளக்குப் பெட்டி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது போன் பிரிவில் உட்கார்கிறேன். எந்த நிறம் பூசலாம் என்று ஆட்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் சாம்பல் என்கிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, இருந்தால் மேசைக்காவது வேறு நிறம் பூசுங்கள் என்று சொல்கிறேன். நேற்று ஒரு அம்மாள், "நீங்க கலர் சொல்ற ஆளா, டாக்டரா?" என்று கேட்டாள்.

விளக்குப் பெட்டியின் பக்கம் போகாமல் இருக்க வேறு வழியாகச் சாப்பாட்டு அறைக்குப் போகிறேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

அடுத்த சோதனை இருபத்துநாலாம் தேதி. வழக்கம்போல் தனியாகப் போய் வந்துவிடுவேன். ஆஸ்பத்திரி முன்னால் அந்தப் பெரிய சாலையைத் தாண்டுவதற்குத்தான் நேரமாகிறது. மற்றபடி சிரமமில்லை.

உன் அம்மா ஒன்றும் எழுதவில்லை. அதற்காக அவளை எதுவும் கேட்காதே.

பெரியம்மா


அக்டோபர் 15

அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் கடிதத்தை உன் செல்ல மகள் என்னிடம் காட்டவில்லை. புத்தக அலமாரியில் வைத்திருந்தாள். நான்தான் எடுத்துப் படித்தேன். எல்லாப் புத்தகமும் திரும்பியிருந்ததால் தேட ஒரு மணி நேரம் ஆயிற்று.

சுவரை மாற்றப் போவதில்லை. ஆளை வைத்துச் சுரண்டிப் பூச எனக்கு லீவு கிடையாது. எனக்கு அந்தச் சாம்பல் முன்பும் பிடித்தது, இப்போதும் பிடிக்கிறது. நீ பல் டாக்டர் என்று சொன்னதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே.

இருபத்துமூன்றிலிருந்து நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு உன்னோடு நானும் வருகிறேன். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி வை, அங்கே வந்து தேட முடியாது. பதிவுச் சீட்டு எட்டு மணிக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்ததே அதுதான்.

எந்தப் பக்கம் தெரியவில்லை என்று நீ யாருக்கும் எழுதவில்லை. எனக்கு எழுது. சாலையில் அந்தப் பக்கம் நான் நடக்கிறேன்.

தங்கை


அக்டோபர் 19
(அஞ்சலட்டை)

தங்கைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது.

இடது பக்கம்.

காலை வண்டியில் ஏறு. மத்தியான வண்டி ஊர்ந்து வரும்.

அக்கா